எண்ணெய் ஆட்டப் போறீங்களா? முதலில் ஈரத்தைப் பாருங்கள்

செக்கில் ஆட்டி வீட்டில் வைப்பவர்கள் எல்லாரும் கேட்பது, எந்தப் பாத்திரத்தில் வைத்தால் கெடாது என்பதுதான். பாத்திரத்துக்கு அப்புறம் வருவோம். நல்லெண்ணெய் எத்தனை மாதம் நிற்கும் என்பது எள் செக்குக்குப் போகும் முன்பே பாதி முடிவாகிவிடுகிறது.

மாசிப் பட்டத்து எள் வைகாசி வாக்கில் கைக்கு வரும், வெயிலுக்கும் குறைவிருக்காது. கல், மண் போகப் புடைத்து இரண்டு நாள் காய வையுங்கள். நம் செட்டிநாட்டுப் பக்கத்துப் பழைய வீடு என்றால் முற்றமே போதும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு கை அள்ளி விரலிடுக்கில் விடுங்கள். சரசரவென்று வழிந்தால் சரி, உள்ளங்கையில் அப்பிக்கொண்டு நின்றால் இன்னொரு வெயில் வேண்டும். கடலை என்றால் தேய்த்ததும் தோல் கழன்று, பருப்பு டக்கென்று இரண்டாகப் பிளக்க வேண்டும். பூஞ்சை பிடித்தது, கறுத்தது, சுருங்கியது எதையும் தயவு பார்க்காமல் பொறுக்கி எறியுங்கள். அதில் அஃப்லாடாக்ஸின் என்ற நஞ்சு இருக்கலாம், செக்கெண்ணெயை யாரும் சுத்திகரிப்பதில்லை.

10 கிலோ எள்ளுக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை கருப்பட்டி கொண்டுபோங்கள். அதுவும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்தால்தான் அரைபட்ட எள் திரண்டு எண்ணெயை விடும். செக்குக்காரர் தண்ணீர் தெளிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், தாராளமாகத் தெளித்தால் அதுவும் எண்ணெயோடு வீட்டுக்கு வரும். 4 லிட்டர் கிடைத்தால் நல்ல எள். புண்ணாக்கிலும் கொஞ்சம் தங்கிவிடும், மாடு கொடுத்துவைத்தது.

இனிதான் நிறைய பேர் கெடுப்பது, நானும் கெடுத்திருக்கிறேன். ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளிய விடுவது பழைய வழக்கம், தப்பில்லை. சூட்டில் ஈரம் போகும், வண்டல் அடியில் இறங்கும். ஆனால் நான் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மொட்டைமாடியில் வைத்து, ஐந்து நாள் மறந்தே போய்விட்டேன். தீபாவளிக்கு முறுக்கு சுட்டபோது அப்பத்தா ஒன்றைக் கடித்துவிட்டு, "ஏண்டா, இது போன வருச எண்ணெயா?" என்றார். எண்ணெயில் இருக்கும் பச்சையம் வெளிச்சத்தை வாங்கி ஆக்சிஜனைத் தூண்டிவிடும், அது கொழுப்பைத் தாக்கி பெராக்சைடாக மாற்றும். பெராக்சைடுக்கு வாடை கிடையாது, அது உடைந்து வரும் ஆல்டிஹைடுகள்தான் சிக்கு வாடை. அதனால் மூக்குக்குத் தெரியும்போது விஷயம் ஏற்கெனவே கைமீறியிருக்கும். இப்போதெல்லாம் வாயகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைத் துணியை இரண்டாக மடித்துக் கட்டி, இரண்டு நாள் வெயில் காட்டுகிறேன், அதற்கு மேல் நிழலில்தான். ஒரு வாரம் ஆட்டாமல் அசைக்காமல் விட்டு மேலாக வடித்து, அடிவண்டலை விளக்குக்கு ஒதுக்குங்கள். வண்டலிலும் ஈரத்திலும் விதையின் நொதிகள் இருக்கும், அவை கொழுப்பை உடைத்து அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போகும்.

ஈரம் போய்விட்டதா என்று சந்தேகமா? ஒரு கரண்டி எண்ணெயைச் சிறுதீயில் காட்டுங்கள். சடசடவென்று பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது.

சரி, பாத்திரம். பீங்கான் ஜாடி, எவர்சில்வர் தூக்கு, கருநிறக் கண்ணாடி, மூன்றும் நல்லது. செம்பும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம், செம்பு எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும், துருப்பிடித்த தகர டின்னும் அப்படித்தான். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய ஜாடி வாங்கினால் அழகுக்கு வையுங்கள், உள்பூச்சு என்னவென்று தெரியாமல் எண்ணெய் ஊற்றாதீர்கள். பெரிய ஜாடியில் பாதி எண்ணெய், பாதி காற்று என்று கிடப்பதைவிடச் சின்னச் சின்ன பாட்டிலில் கழுத்து வரை நிரப்புவது மேல். பழைய எண்ணெயின் மேல் புதிதை ஊற்றாதீர்கள். ஈரக் கரண்டி போடவே கூடாது.

நல்லெண்ணெயில் செசமோலின், செசமின் என்று அதற்கே உரிய காவல் இருப்பதால் வைகாசியில் ஆட்டியது எங்கள் வீட்டில் மார்கழி வாக்கில் வரும் பிள்ளையார் நோன்பு வரை, அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் மண்டிக்கும் புளிக்குழம்புக்கும் தாக்குப்பிடிக்கிறது. கடலை எண்ணெயை மூன்று மாதத்துக்கு மேல் நான் வைப்பதில்லை, தேவைக்கு ஆட்டிக்கொள்வேன். மாதம் ஒரு தடவை இரண்டு சொட்டை உள்ளங்கையில் விட்டுச் சூடு பறக்கத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். எள் வாசம் போய் பெயிண்ட் வாடை லேசாக எட்டிப்பார்த்தால், காய்ச்சினாலும் கருவேப்பிலை போட்டாலும் திரும்பாது. அந்த பாட்டிலைச் சாமி அறைக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததைத் திறங்கள்.