பழைய லான்ட் ரோவர் வாங்கியவுடன் சேசியைத் தட்டிப் பாருங்கள்

அட்டன், நுவரெலியா பக்கத்துத் தோட்டங்களில் ஓடிய பழைய சீரிஸ் லான்ட் ரோவரை வாங்குவோர், வெளித் தகடுகள் நன்றாக இருப்பதைக் கண்டு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. 1948 முதல் வந்த இவ்வண்டியின் வெளித் தகடுகள் பெரும்பாலும் அலுமினியக் கலவை என்பதால் அவற்றில் கறள் பிடிப்பதில்லை. ஆனால் பாரத்தைத் தாங்கும் சேசி உருக்கினால் ஆனது. பெட்டி போன்ற அதன் உட்புறத்தில் சேறு தங்கி, மழையும் பனிமூட்டமும் ஓயாத நம் மலைநாட்டில் காயாமலே கிடப்பதால், கறள் உள்ளிருந்துதான் தின்னத் தொடங்குகிறது.

வண்டியைக் கழுவிக் காயவிட்டு, சிறிய சுத்தியலால் சேசி முழுவதும், குறிப்பாகப் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தின் அடியில், தட்டிக்கொண்டே செல்லுங்கள். நல்ல உருக்கு கணீரென ஒலிக்கும். அரித்த இடம் மந்தமாக ஒலித்து, சில வேளை செதில் செதிலாக உதிரும். அத்தகைய இடத்தில் புட்டி பூசி மறைப்பது ஆபத்தானது. பற்றரி இணைப்பைக் கழற்றி, எரிபொருள் தாங்கியையும் அகற்றிய பின், நல்ல உலோகம் தெரியும்வரை வெட்டியெடுத்து, புதிய தகட்டை வெல்டிங் செய்விப்பதே சரி.

மேலோட்டமான கறளுக்குக் கம்பிப் பிரஷ், பொஸ்பரிக் அமிலம் கலந்த கறள் மாற்றி, அதன்மேல் பிரைமர், பெயின்ட் என்ற வரிசை போதும். இறுதியாக, சேசியின் வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்து, உள்ளே மெழுகுத் திரவத்தைப் பீய்ச்சிவிடுங்கள்.