ஹயாய்டு எலும்பில் வயதும் பாலினமும்: முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு

தடயவியல் படிக்க வருகிறவர்கள் மண்டையோட்டையும் இடுப்பெலும்பையும் ஆசையாகத் தூக்கிப் பார்ப்பார்கள். கழுத்தில் நாக்கின் அடியில் இருக்கும் இந்தச் சின்ன எலும்பை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு அது வருத்தம்தான், ஏனென்றால் கழுத்து நெரிக்கப்பட்டதா என்ற கேள்வி வரும்போது எல்லோரும் முதலில் தேடுவது இதைத்தான்.

படி 1: உங்கள் கழுத்திலேயே தேடுங்கள்

தாடையின் அடிப்பகுதி கழுத்தோடு சேரும் மடிப்பில், குரல்வளை துருத்தி நிற்கும் மேட்டுக்குச் சற்று மேலே, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மென்மையாக வைத்து எச்சில் விழுங்குங்கள். கெட்டியாக ஒன்று மேலே போய் இறங்கும், அதுதான். பக்கத்திலேயே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இருப்பதால் இரண்டு பக்கமும் சேர்த்து அழுத்தவே கூடாது. இந்த எலும்பு வேறு எந்த எலும்போடும் மூட்டாக இணையவில்லை, தசைகளும் நார்களும்தான் இதைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கின்றன.

படி 2: பாகங்களை அடையாளம் காணுங்கள்

மாதிரி எலும்போ சிடி ஸ்கேன் படமோ, எது கிடைத்தாலும் சரி. குதிரை லாடம் போல இருக்கும், சிலருக்கு அகன்ற U, சிலருக்குக் குறுகிய V. நடுவில் இருப்பது உடல்பகுதி, அதன் குவிந்த பக்கம் முன்னால் வரவேண்டும். பின்னோக்கிப் போகும் நீண்ட இரண்டும் பெரிய கொம்புகள், அவை உடலோடு சேரும் இடத்தில் மேலே நீட்டிக்கொண்டிருப்பவை சிறிய கொம்புகள். சிறிய கொம்புகள் குருத்தெலும்பாகவே நின்றுவிடுவதும் உண்டு, சுத்தம் செய்யும்போது தொலைந்துபோவதும் உண்டு. அதனால் அவற்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

படி 3: வயதுக்கு, இணைப்பைப் பாருங்கள்

இங்கே நிதானமாக நில்லுங்கள். பெரிய கொம்புக்கும் உடலுக்கும் நடுவே இளம் வயதில் குருத்தெலும்புதான் இருக்கும். காலப்போக்கில் அது எலும்பாகி இரண்டும் ஒன்றாகிவிடும். 20 வயதுக்கு முன் இப்படி இணைவது அரிது, நடுவயதில் நிறையப் பேருக்கு இணைந்திருக்கும். ஆனால் முதுமை வரை இணையாமலே இருப்பவர்களும் இருக்கிறார்கள், ஒரு பக்கம் மட்டும் இணைந்து மறுபக்கம் திறந்தே இருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இரண்டு பக்கமும் முழுதாக இணைந்திருந்தால் வளர்ந்தவர் என்று தைரியமாக எழுதலாம், இணையாமல் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு இளையவர் என்று எழுதிவிடக் கூடாது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். இணையாத இந்த இடைவெளி எக்ஸ்ரேயில் முறிவு மாதிரியே தெரியும். இடைவெளி உடலும் கொம்பும் சேரும் இடத்திலேயே இருக்கிறதா, ஓரங்கள் வழவழப்பாக உருண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் அது பெரும்பாலும் இயல்பான மூட்டு. ஓரம் கூர்மையாக, ஒழுங்கில்லாமல் இருந்து, சுற்றியுள்ள திசுவில் ரத்தக்கசிவும் இருந்தால்தான் உயிரோடிருந்தபோது ஏற்பட்ட முறிவைப் பற்றி யோசிக்க வேண்டும். கையால் கழுத்தை நெரித்த வழக்குகளில்கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் ஹயாய்டு முறிகிறது. இளையவர்களின் எலும்பு குருத்தெலும்பு இணைப்பால் வளைந்து கொடுக்கும், இணைந்துபோன எலும்பு அவ்வளவு வளையாது. எலும்பு முழுதாக இருக்கிறது, அதனால் யாரும் நெரிக்கவில்லை என்று சொல்வது பெரிய தவறு, அதுவும் இறந்தவர் சிறுவயதுக்காரராக இருந்தால்.

படி 4: பாலினத்துக்கு, அளந்து பாருங்கள்

வெர்னியர் காலிப்பர் போதும். எலும்பின் நடு உடல்பகுதியின் அகலம், உயரம், இரண்டு பெரிய கொம்புகளின் நீளம், கொம்பு நுனிகளுக்கு இடையிலான தூரம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் குறியுங்கள். பெரியவர்களின் கொம்பு ஏறத்தாழ 3 செ.மீ. இருக்கும். இடமும் வலமும் சமமாக இருக்க வேண்டியதில்லை, அதனால் இரண்டையும் அளங்கள்.

சராசரியாக ஆண்களின் ஹயாய்டு பெரியது, கனமானது. பருவ வயதில் ஆண்களின் குரல்வளை வேகமாக வளரும்போது கழுத்தின் இந்தப் பகுதியே பெரிதாகிறது. அந்த வயதுக்கு முந்தைய குழந்தைகளின் எலும்பில் இந்த வித்தியாசத்தைத் தேடிப் பயனில்லை. வளர்ந்தவர்களிலும் இரண்டு தரப்பு அளவுகளும் நடுவில் நன்றாகவே கலந்துகிடக்கின்றன, உயரமான பெண்ணின் எலும்பு சிறிய உடல்வாகுள்ள ஆணின் எலும்பைவிடப் பெரிதாக இருக்கலாம். ஒரு நாட்டு மக்களின் அளவுகளிலிருந்து உருவாக்கிய சூத்திரத்தை வேறொரு நாட்டு எலும்புக்கு அப்படியே போடுவதும் சரிவராது.

படி 5: குறிப்பு எழுதுங்கள்

பார்த்ததையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதுங்கள். "இடது கொம்பு இணைந்துள்ளது, வலது இணையவில்லை, ஓரங்கள் வழவழப்பு" என்பது பார்த்தது. "வளர்ந்தவராகவும், அளவுகளின்படி ஆணாகவும் இருக்க வாய்ப்பு அதிகம்" என்பது ஊகம். இடுப்பெலும்பு கையில் இருந்தால் பாலினத்துக்கு முதலில் அதை நம்புங்கள், ஹயாய்டின் அளவுகள் அதற்குத் துணையாக நிற்கட்டும்.