புதிய ஐபியில் மொத்த மின்னஞ்சல்: முதல் ஆறு கிழமை

யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர் சங்கம் ஆகட்டும், கோயில் திருப்பணிச் சபை ஆகட்டும், மின்னஞ்சல் பட்டியலைத் திறந்தால் கனடா, சுவிஸ், ஜேர்மனி என்று எங்கட சனம் பரந்து கிடக்கும். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் புது சேர்வர் எடுத்து அத்தனை பேருக்கும் ஒரே இரவில் அனுப்பினால், பெரும்பகுதி ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடும். முன்பின் தெரியாத ஆளுக்கு எந்தக் கடைக்காரரும் முதல் நாளே கடன் கொடுப்பதில்லை; ஜீமெயிலும் ஹொட்மெயிலும் புது ஐபியை, அதாவது அஞ்சல் அனுப்பும் சேர்வரின் இணைய எண் முகவரியை, அப்படித்தான் பார்க்கின்றன. ஆகவே கொடியேற்றத்துக்கு ஆறு கிழமை முன்பே தொடங்குங்கள்.

நாளுக்குச் சில நூறு அஞ்சல்தான் என்றால் தனி ஐபியே வேண்டாம். பலர் பகிர்ந்து பாவிக்கும் ஐபி போதும்.

படி 1: அடையாளம். உங்கள் டொமைனில் (மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்) எஸ்பிஎஃப் (எந்த சேர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (அஞ்சலில் இடும் டிஜிட்டல் கையொப்பம்), டிமார்க் (இந்தச் சோதனைகளில் தவறும் அஞ்சலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) மூன்றையும் பதியுங்கள். ஐபி எண் எந்தப் பெயருக்குரியது என்று காட்டும் பிடிஆர் பதிவையும் மறக்கவேண்டாம். அதை டொமைன் விற்றவரிடம் அல்ல, ஐபி தந்த நிறுவனத்திடம் கேட்கவேண்டும். ஜீமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5,000க்கு மேல் அனுப்புவோர் இவற்றோடு ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் வைக்கவேண்டும் என்பது 2024 முதல் கூகுளின் விதி.

படி 2: யாருக்கு முதலில்? முழு வேலையின் உயிரும் இங்கேதான். கடந்த ஒரு மாதத்தில் உங்கள் அஞ்சலைத் திறந்தவர்கள், பதில் போட்டவர்களை மட்டும் பிரித்தெடுங்கள். முதல் இரண்டு கிழமையும் அவர்களுக்கு மட்டுமே. பத்து வருடத்துக்கு முந்திய ஒன்றுகூடலில் தாளில் எழுதிவாங்கிய முகவரிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். செத்துப்போன முகவரிகள் உங்கள் ஐபியின் பெயரைக் கெடுத்துவிடும்.

படி 3: எண்ணிக்கை. முதல் நாள் ஜீமெயிலுக்கு 50, ஹொட்மெயிலுக்கு 50, யாகூவுக்கு 50. அடுத்தடுத்து 100, 200, 400. ஆயிரத்தைத் தாண்டியபின் இரட்டிப்பாக்காமல் கால்வாசி, அரைவாசி என்று கூட்டுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு வருவதை மட்டுமே பார்ப்பதால் கணக்கும் தனித்தனியாக இருக்கட்டும். ஜேர்மனிக்காரரின் ஜிஎம்எக்ஸ் முகவரிகளுக்கும் இதே மாதிரித்தான்.

படி 4: பதிவேட்டைப் படியுங்கள். சேர்வர் லொக்கில் (அனுப்பிய அஞ்சல்களுக்கு வந்த பதில்கள் பதிவாகும் கோப்பு) 421 4.7.28 என்று ஜீமெயில் பதில் தந்தால், இந்த ஐபியிலிருந்து வழமைக்கு மாறான வேகத்தில் வேண்டாத அஞ்சல் வருகிறது, கொஞ்ச நேரம் தடுக்கிறோம் என்று பொருள். 4இல் தொடங்குபவை தற்காலிகம்: முந்திய நாள் அளவுக்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் அங்கேயே நில்லுங்கள். 5இல் தொடங்கி, முகவரியே இல்லை என்று வந்தால் அதைப் பட்டியலிலிருந்து உடனே நீக்குங்கள். அனுப்புவோருக்காகக் கூகுள் தரும் போஸ்ட்மாஸ்டர் பக்கத்தில், உங்கள் அஞ்சலை ஸ்பாம் என்று பெறுவோர் குறிக்கும் முறைப்பாடு 0.1 வீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும், 0.3 வீதத்தைத் தொடவே கூடாது.

திருவிழா முடிந்து ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றும் அனுப்பாமல் விட்டால், திரும்பவும் சிறிய எண்ணிக்கையிலிருந்தே தொடங்கவேண்டும்.