டிரெய்லர் எலக்ட்ரிக் பிரேக் வீக்கா இருக்கா? கெயினை ஏத்துறதுக்கு முன்னாடி ஆம்பியரைப் பாருங்க

அமெரிக்கா, கனடா பக்கம் பிக்கப் டிரக்குக்குப் பின்னாடி பெரிய யூட்டிலிட்டி டிரெய்லர் இழுக்குறவங்களுக்கான பதிவு இது. குறிப்பா ரெண்டு ஆக்ஸில், ஆக்ஸிலுக்கு 7,000 பவுண்டு, 12 இன்ச் டிரம், நாலு சக்கரத்துலயும் எலக்ட்ரிக் பிரேக் இருக்குற டைப். பிரேக் மிதிச்சா டிரெய்லர் பின்னாடிலேருந்து டிரக்கைத் தள்ளுற மாதிரி இருக்கும், உடனே எல்லாரும் பண்றது கண்ட்ரோலர்ல (டிரக்லேருந்து டிரெய்லர் பிரேக்கை இயக்குற பெட்டி) கெயினை, அதாவது பிரேக்குக்குப் போற பவர் அளவை, 10 வரைக்கும் ஏத்துறது, அதுக்கும் மசியலைன்னா புது பிரேக் ஆர்டர் போடுறது. ரெண்டும் வேண்டாம், முதல்ல கோளாறு எங்கன்னு கண்டுபிடிப்போம்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா. நீங்க பிரேக் மிதிச்சதும் கண்ட்ரோலர் நீல ஒயர் வழியா கரண்ட் அனுப்பும், ஒவ்வொரு டிரம்முக்குள்ளயும் இருக்குற மேக்னட் அந்தக் கரண்ட்ல உயிர் வந்து சுத்திக்கிட்டிருக்குற டிரம்மோட உள்முகத்துல ஒட்டும், டிரம் அதை இழுத்துட்டுப் போகப் பாக்கும், அந்த இழுப்புல ஒரு லீவர் அசைஞ்சு ஷூவை (டிரம்ல உரசி வேகத்தைக் குறைக்குற வளைஞ்ச கட்டை) விரிச்சு டிரம்ல அழுத்தும். அதனால வீக்கா இருந்தா ஒண்ணு மேக்னட்டுக்குப் போற கரண்ட் பத்தல, இல்ல கரண்ட் சரியா வந்தும் உள்ள இருக்குற சாமான் சரியில்ல. எதுன்னு தெரியாம கழட்ட ஆரம்பிச்சா ஒரு நாள் வேஸ்ட்.

வேணுங்கிறது: மல்டிமீட்டர், டிசி ஆம்பியர் காட்டுற கிளாம்ப் மீட்டர் (வெல குறைஞ்ச கிளாம்ப் நிறைய ஏசி மட்டும்தான் காட்டும், பாத்து வாங்குங்க), நல்லா சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி, ஜாக், ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, பிரேக் ஸ்பூன் (பிரேக்கை அட்ஜஸ்ட் பண்ற வளைஞ்ச கம்பி).

ஸ்டெப் 1: டிரக்கா, டிரெய்லரா?

டிரெய்லர் பிளக்கை டிரக்லேருந்து கழட்டிருங்க. பேட்டரி பாசிட்டிவை டிரெய்லர் பக்கத்து பிளக்ல நீல ஒயர் பின்னுக்கும், நெகட்டிவை வெள்ளை ஒயர் பின்னுக்கும் ஒரு ஃபியூஸ் போட்ட ஒயர்ல குடுங்க. டிரெய்லரை அசெம்பிள் பண்ணவங்க சில பேர் கலர் மாத்திப் போட்டிருப்பாங்க, அதனால பிரேக் ஒயர் எதுன்னு ஒரு தடவை உறுதி பண்ணிக்கங்க. ஏன் டிரக் கண்ட்ரோலரை வச்சே டெஸ்ட் பண்ணக் கூடாதுன்னா, சில ஃபேக்டரி கண்ட்ரோலர் வண்டி நிக்கும்போது முழு வோல்டேஜ் விடாது, போதாக்குறைக்கு அது கரண்டைத் துண்டு துண்டா வெட்டி அனுப்புறதால மீட்டரும் குழம்பும். பேட்டரி பொய் சொல்லாது.

ஸ்டெப் 2: ஆம்பியர்

இதுதான் முக்கியமான ஸ்டெப், மத்ததெல்லாம் இதுக்கப்புறம். நீல ஒயர் மேல கிளாம்பை மாட்டிப் பாருங்க. இந்த சைஸ் மேக்னட் ஒண்ணு சுமாரா 3 ஆம்பியர் இழுக்கும், நாலுக்கு 12.

12 பக்கத்துல வந்தா கரண்ட் பக்கம் ஓகே, நேரா ஸ்டெப் 4 போங்க. 9 வந்தா ஒரு மேக்னட்டோ அதோட ஒயரோ அவுட்டா இருக்க வாய்ப்பு அதிகம், 6 வந்தா பெரும்பாலும் ஒரு ஆக்ஸில் முழுசா கட். 8, 10ன்னு ரெண்டுங்கெட்டானா வந்தா ஜாயின்ட் அல்லது எர்த் மேல சந்தேகப்படுங்க. ஃபியூஸ் உடனே போச்சுன்னா எங்கயோ ஷார்ட். எந்தச் சக்கரம் அவுட்டுன்னு தெரியணும்னா ஒவ்வொரு மேக்னட் ஒயரையும் தனியா பிரிச்சு ஓம் பாருங்க, 3லேருந்து 4 ஓம்குள்ள வரணும்.

ஸ்டெப் 3: ஒயரும் எர்த்தும்

ஆரம்பத்துல எல்லாரும் ஏமாறுற இடம் இது. மேக்னட் ஒயரைப் பிரிச்சு வச்சு மீட்டர்ல பாத்தா 12 வோல்ட் காட்டும், அப்புறம் ஒயரிங் நல்லாருக்குன்னு முடிவு பண்ணிருவாங்க. லோடு இல்லாதப்ப துருப்பிடிச்ச ஜாயின்ட் கூட 12 வோல்ட் காட்டத்தான் செய்யும். குழாயை மிதிச்சுக்கிட்டு நின்னா தண்ணி திறக்காதவரைக்கும் பிரஷர் இருக்குற மாதிரிதான் தெரியும், திறந்தாதான் சங்கதி வெளிய வரும்.

கணக்கா பாருங்க: 4 ஓம் மேக்னட் நாலு பேரலல்ல இருந்தா மொத்தம் 1 ஓம்தான். வழியில துருவால ஒரே ஒரு அரை ஓம் சேந்தா மொத்தம் 1.5 ஓம், கரண்ட் 12லேருந்து 8 ஆம்பியருக்கு இறங்கிரும், மேக்னட்டுக்கு 8 வோல்ட்தான் போய்ச் சேரும். மூணுல ஒரு பங்கு போச்சு, நீங்க கெயினை எவ்வளவு ஏத்தினாலும் திரும்ப வராது.

அதனால மேக்னட்டெல்லாம் மாட்டி, கரண்ட் ஓடும்போதே அளக்கணும். மீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல வைங்க, இன்னொண்ணை மேக்னட்டோட எர்த் ஒயர்ல குத்துங்க. பூஜ்யம் பக்கத்துல இருக்கணும், அரை வோல்ட்டுக்கு மேல போனா எர்த் மோசம். இதே மாதிரி பேட்டரி பாசிட்டிவ்லேருந்து மேக்னட்டுக்குக் கரண்ட் கொண்டுபோற ஒயர் வரைக்கும் பாருங்க. சேஸியையே எர்த்தா நம்பி ஒரு ஸ்க்ரூ போட்டு விட்டிருப்பாங்க, அது துருப்பிடிச்சிருக்கும். என் அபிப்பிராயத்துல வெள்ளை ஒயரை பிளக்லேருந்து ஒவ்வொரு சக்கரம் வரைக்கும் தனியா இழுத்துர்றதுதான் நிம்மதி, 12 கேஜ், டிரெய்லர் நீளமா இருந்தா 10 கேஜ். அமுக்கி மாட்டுற பிளாஸ்டிக் கனெக்டர் கண்ணுல பட்டா வெட்டி எறிஞ்சிட்டு, கிரிம்ப் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் போடுங்க.

இன்னொரு இடம் ஆக்ஸில் குழாய்க்குள்ள. ஒரு பக்க பிரேக்லேருந்து இன்னொரு பக்கத்துக்கு ஒயர் அதுக்குள்ளதான் போகும், வருஷக்கணக்கா ஆடி ஆடி இன்சுலேஷன் தேஞ்சு இரும்புல படும். ஷார்ட்டுன்னா நான் முதல்ல பாக்குறது இதைத்தான், குழாய்க்கு வெளிய புது ஒயர் இழுத்து ஆக்ஸில் மேலயே கட்டிருங்க.

ஸ்டெப் 4: அட்ஜஸ்ட்மென்ட்

கரண்ட் சரி, பிரேக் வீக்குன்னா பாதிக்குப் பாதி இதுதான். ஷூ தேயத் தேய டிரம்முக்கும் அதுக்கும் இடைவெளி கூடும், லீவர் முழுசா நகர்ந்தும் ஷூ இறுக்கமா அழுத்தாது. பழைய டைப் பிரேக்ல இது தானா அட்ஜஸ்ட் ஆகாது. சக்கரத்துக்கு முட்டு குடுத்து, ஃபிரேம்ல ஜாக் போட்டுத் தூக்குங்க, ஆக்ஸில் குழாய்க்கு அடியில போடாதீங்க, வளைஞ்சிரும். ஸ்டாண்ட் வைக்காம கை உள்ள போகக் கூடாது. டிரம்முக்குப் பின்னாடி பிரேக்கைத் தாங்குற பின் தட்டுல கீழ ரப்பர் மூடி இருக்கும், அதை எடுத்து ஸ்பூனால ஸ்டார் வீலை (ஷூ இடைவெளியைக் கூட்டிக் குறைக்குற பல்சக்கரம்) திருப்புங்க. சக்கரம் கையால சுத்த ரொம்பக் கஷ்டமாகுற வரைக்கும் இறுக்கி, அப்புறம் எதிர்ப்பக்கமா விட்டு, லேசா உரசுற சத்தத்தோட ஃப்ரீயா சுத்துற வரைக்கும் கொண்டு வாங்க. நாலு சக்கரமும்.

ஸ்டெப் 5: டிரம்மைக் கழட்டி

இன்னும் வீக்குன்னா கழட்டித்தான் ஆகணும். தூசியைக் காத்தடிச்சு ஊதாதீங்க, பழைய லைனிங்ல (ஷூ மேல ஒட்டியிருக்குற உராய்வுப் பட்டை) ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஷூ மேல கிரீஸ் இருந்தா அவ்வளவுதான், எவ்வளவு கழுவினாலும் ஊறினது வெளிய வராது, மாத்துங்க, கிரீஸ் கசியாம தடுக்குற சீலையும் மாத்துங்க. அச்சு நுனியில நிப்பிள் இருக்குற டைப்ல கிரீஸ் கன்னை வேகமா அமுக்குனா பின் சீல் தாண்டி நேரா ஷூ மேல வந்துரும், சக்கரத்தைச் சுத்திக்கிட்டே மெதுவா அடிக்கணும். மேக்னட் முகத்துல ஒரு ஸ்கேலை வச்சுப் பாருங்க, சமமா இல்லாம ஒரு பக்கமா தேஞ்சிருந்தாலோ உள்ள காயில் தெரிஞ்சாலோ மாத்தணும். டிரம்ல பள்ளம் விழுந்திருந்தா கடைசல் போடலாம், 12 இன்ச் டிரம்முக்கு 12.09 இன்ச்தான் எல்லை.

மாத்துறதுன்னு ஆயிட்டா பின் தட்டோட முழு அசெம்பிளியா வாங்குங்க, ஸ்பிரிங், ஷூ, மேக்னட் எல்லாம் புதுசா வரும், 5 போல்ட்தான். இடது வலது பாத்து மாட்டுங்க, லைனிங் சின்னதா இருக்குற ஷூ வண்டியோட முன் பக்கம் பாக்கணும். மாறிப்போனா புது பிரேக்கும் வீக்காதான் இருக்கும், அப்புறம் கம்பெனியைத் திட்டிக்கிட்டிருப்பீங்க.

ஸ்டெப் 6: பழக்கி, செட் பண்றது

புது ஷூ முதல் நாளே முழுசா பிடிக்காது. ஆளில்லாத ரோட்ல 40 மைல் வேகத்துலேருந்து 20க்கு பிரேக் போட்டு இறக்குங்க, 20, 30 தடவை, நடுவுல ஆற விட்டு. அதுக்கப்புறம்தான் கெயின்: வழக்கமா ஏத்துற லோடோட 25 மைல்ல போய் கண்ட்ரோலர்ல கையால இயக்குற லீவரை முழுசா அமுக்குங்க, டிரெய்லர் அழுத்தமா பிடிக்கணும், சக்கரம் லாக் ஆகக் கூடாது. லாக் ஆனா கொஞ்சம் குறைங்க. காலி டிரெய்லருக்குத் தனியா இன்னும் குறைக்கணும். புது ஷூவுக்கு முதல் 200 மைல்ல ஒரு தடவை ஸ்டார் வீலை அட்ஜஸ்ட் பண்ணுங்க, அப்புறம் 3,000 மைலுக்கு ஒரு தடவை.