ஆடி முதல் ஆனி வரை: மாடித்தோட்டத்தில் எந்த மாதம் எதை விதைப்பது?

புதிதாக மாடித்தோட்டம் போடுபவர்கள் மனம் தளர்வது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். புரட்டாசி வரை செழிப்பாக இருந்த செடி ஐப்பசி மழையில் அழுகும். தையில் தக்காளி கொட்டிக் கொடுக்கும். சித்திரை வந்ததும் பூவெல்லாம் உதிரும். உரம் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் அள்ளிப் போடுவார்கள், செடி இன்னும் வாடும். காய்கறிக்கு உரத்துக்கு முன்னால் பட்டம், அதாவது விதைக்கும் பருவம், பார்க்க வேண்டும். எந்த மாதம் எது வரும், எது வராது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வது சென்னை முதல் கடலூர் வரையுள்ள கடலோர ஊர்களின் கணக்கு. கோவை, தேனி பக்கம் ஆனி, ஆடியில் காற்று குளிர்ச்சியாக இருக்கும், அதனால் கொஞ்சம் முன்பின் மாறும். ஊட்டி, கொடைக்கானலுக்கு இது பொருந்தாது.

1. ஆனிக் கடைசியில் மண் தயார் செய்யுங்கள்

செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் (அல்லது நன்றாக மக்கிய தொழு உரம்) மூன்றும் சம பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தண்ணீர் தெளித்து ஒரு வாரம் நிழலில் வைத்துவிட்டுப் பைகளில் நிரப்புங்கள். பையின் அடியில் ஓட்டை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பைகளைத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

2. ஆடிப்பட்டத்தில் விதையுங்கள்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மாடிக்கும் சரிதான். வெண்டை, கொத்தவரை, அவரை, பாகல், புடலை, பீர்க்கு, சுரை எல்லாவற்றையும் நேராகப் பையிலேயே ஊன்றலாம். பாகல் விதையின் தோல் கெட்டி, முந்தைய இரவே ஊற வையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் நாற்றுவிட்டு நட வேண்டும். தக்காளி நாற்று 25 நாளில் தயாராகிவிடும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆகும்.

அவரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “பந்தல் முழுக்க இலைதான், ஒரு பூ கூட இல்லை” என்று வருத்தப்படுபவர்களிடம் எப்போது விதைத்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் தை அல்லது சித்திரை என்பார்கள். கொடி அவரை, பகல் நேரம் குறையும்போது பூக்கும் பயிர். ஆடியில் போட்டால் இரண்டு மூன்று மாதம் கொடி நன்றாக ஓடி, பகல் சுருங்கும் ஐப்பசி, கார்த்திகையில் பூ எடுத்து, மார்கழி, தையில் காய்த்துக் குலுங்கும். தையில் போட்டால் பகல் நீண்டுகொண்டே போகிற காலம், அதனால் இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். எந்த உரம் போட்டாலும் இது மாறாது. மற்ற மாதங்களில் அவரை வேண்டுமென்றால் செடி அவரை வாங்குங்கள், அது இந்தப் பகல் கணக்கைப் பார்ப்பதில்லை.

3. ஆவணி, புரட்டாசியில் பந்தல் காய்கள்

கொடியில் முதலில் வருவது ஆண் பூக்கள்தான். அவை உதிர்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெண் பூவின் அடியில் குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று சந்தேகப்படுங்கள். மாடியில் தேனீ வருவது குறைவு, நாம்தான் கை கொடுக்க வேண்டும். ஆண் பூவைப் பறித்து, இதழை நீக்கி, நடுவில் இருக்கும் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். நேரம் முக்கியம்: பாகல், பூசணி காலையில் விரியும். பீர்க்கும் சுரையும் சாயங்காலம் விரியும், காலையில் போய் அவற்றைத் தொட்டுப் பயனில்லை.

4. ஐப்பசி, கார்த்திகையில் காப்பாற்றும் வேலை

இந்த இரண்டு மாதமும் திறந்தவெளியில் புதிதாக எதையும் விதைக்காதீர்கள். கீரை விதை அடித்துக்கொண்டு போகும், நாற்றுகள் தண்டடியில் அழுகிச் சாயும். ஓட்டைகள் அடைபடாமல் பாருங்கள். மண் மேல் காய்ந்த இலைச் சருகு பரப்பினால் மழைத்துளி மண்ணைத் தெறிக்காது, மண்ணிலிருக்கும் பூஞ்சை இலையில் ஏறுவதும் குறையும். தொடர்மழை சத்தைக் கழுவிக்கொண்டு போவதால் இலை வெளுக்கும். மழை விட்டதும் பைக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் வைத்தால் தேறிவிடும்.

பந்தலை இறுக்கிக் கட்டுங்கள். 2016 டிசம்பரில் வந்த வர்தா, 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் இரண்டுமே கார்த்திகைப் புயல்கள்தான். எச்சரிக்கை வந்தால் தூக்க முடிந்த பைகளையெல்லாம் கைப்பிடிச் சுவரோரம் நெருக்கி வைத்துவிடுங்கள்.

5. மார்கழி, தை: நல்ல காலம்

கார்த்திகைக் கடைசியில் கூரைக்கடியில் தக்காளி நாற்று விட்டு மார்கழியில் நட்டால் மாசி, பங்குனியில் அருமையாகக் காய்க்கும். முள்ளங்கி, கொத்தமல்லி, பீட்ரூட், முட்டைக்கோஸுக்கு இதைவிட்டால் நமக்கு வேறு காலமில்லை. முதல் முறை போடுபவர்கள் முள்ளங்கியில் தொடங்குங்கள், 45 நாளில் பிடுங்கிவிடலாம்.

பனிக்காலத்தில் அவரை நுனியில் கறுப்பாக அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) அடையும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் போதும். எண்ணெயைச் சோப்புக் கரைசலில் பால்போல் வரும்வரை கலக்கி, அதற்கப்புறம் தண்ணீர் சேருங்கள். நேராகத் தண்ணீரில் விட்டால் எண்ணெய் மிதந்து இலை கருகும். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள்.

6. பங்குனி முதல் வைகாசி வரை

வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவிலும் வெக்கை தணியாவிட்டால் தக்காளியின் மகரந்தம் வீணாகிவிடும், பூ உதிரும். சித்திரையில் தக்காளிக்காகப் போராடாதீர்கள் என்பதே என் கருத்து. கத்தரியைக் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டி, விட்டால் மழைக்குப் பிறகு துளிர்த்து மறுபடி காய்க்கும். 50 சதவீத நிழல்வலைக்கடியில் தண்டுக்கீரை, சிறுகீரை போடலாம். புளிச்சக்கீரையும் கொத்தவரையும் வெயிலைத் தாங்கும். வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், மருந்தில்லை. உடனே பிடுங்குங்கள். ஓரளவு தாங்குவதற்கு அர்கா அனாமிகா போன்ற ரகம் நல்லது.

தண்ணீர் காலையிலும் மாலையிலும் விடுங்கள். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது சுடுதண்ணீர், அதைப் பக்கெட்டில் பிடித்து ஆறவிட்டு ஊற்றுங்கள்.

காலியான பைகளின் மண்ணை அக்னி நட்சத்திரத்தில் தரையில் பரப்பி, நனைத்து, கண்ணாடிபோன்ற பாலித்தீன் தாளால் மூடி நாலு வாரம் விடுங்கள். வேர்முடிச்சு நூற்புழு பெருமளவு குறையும். பிரித்தபின் தொழு உரமும் கொஞ்சம் ட்ரைக்கோடெர்மா விரிடியும் (நன்மை செய்யும் பூஞ்சை) கலந்து வையுங்கள்.

விதை எடுப்பதும் இந்தச் சமயம்தான். வெண்டை முற்றி நெற்று வெடிக்க ஆரம்பிக்கும்போது பறித்து, காலை வெயிலில் காய வையுங்கள், உச்சிவெயில் வேண்டாம். மஞ்சள் நரம்பு வந்த செடியிலும், வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகத்திலும் விதை எடுக்காதீர்கள்.