புள்ளிச் சில்லையை அடையாளம் காண்பது எப்படி?

சில்லைகளை (முனியா என்னும் சிறு பறவைகளை) பார்க்கத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நிறம் இருக்கட்டும், அலகைப் பாருங்கள். கூம்பு மாதிரி தடித்த, குட்டையான அலகு என்றால் விதை தின்னும் பறவை. தேன்சிட்டும் கதிர்க்குருவியும் அங்கேயே கழிந்துவிடும்.

அப்புறம் உருவம். புள்ளிச் சில்லை 11, 12 சென்டிமீட்டர் நீளம்தான், சிட்டுக்குருவியைவிடச் சிறியது. முகமும் தொண்டையும் அடர் செம்பழுப்பு, முதுகு பழுப்பு, அலகு கறுப்பு. வெள்ளை வயிற்றில் மீன் செதிலை அடுக்கியதுபோல் பழுப்புக் கோடுகள் வளைந்து வளைந்து ஓடும். ஆண், பெண் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

ஆளைக் குழப்புவது இளம் பறவைதான். அதன் வயிற்றில் செதில் கோலமே இருக்காது, வெறும் வெளிர் பழுப்பு. கருந்தலைச் சில்லையின் இளம் பறவையும் ஏறக்குறைய இதே சாயல். அதனால் தனியாக ஒன்றைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள். கூட இருக்கும் வளர்ந்த பறவைகள் எவை என்று கவனியுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செதில் முளைத்த பறவை கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம்.

பறக்கும்போது பிட்டம் பளிச்சென்று வெள்ளையாகவும் மார்பு கருமையாகவும் தெரிந்தால் அது வெண்முதுகுச் சில்லை. வெளிறிய உடல், வெள்ளிச் சாம்பல் அலகு, கூரான கறுப்பு வால் என்றால் வெண்தொண்டைச் சில்லை.

சரி, எங்கே பார்ப்பது? விதை முற்றிய புல் இருக்கும் இடத்தில் சற்றுத் தள்ளி அசையாமல் உட்காருங்கள். சில்லைகள் புல்லின் தாளைப் பற்றிக்கொண்டு கதிரை உருவும். விதையை அலகுக்குள் உருட்ட, உமி மட்டும் ஓரமாக உதிரும். எனக்கு இதைவிடப் பிடித்தது அவை ஓய்வெடுக்கும் நேரம். கிளையில் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக அமரும். ஓரத்தில் இருப்பது நடுவில் நுழைய இடித்துத் தள்ளும். ஒன்று தாடையைத் தூக்கிக் காட்டினால் பக்கத்துப் பறவை அதன் இறகைக் கோதிவிடும். பைனாகுலர் இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள்.

மழைக்காலத்தில் நீளமான புல்லைக் கவ்விக்கொண்டு ஒரு சில்லை பறந்தால் அருகில் எங்கோ கூடு இருக்கிறது. உருண்டையான பெரிய கூடு, வாசல் பக்கவாட்டில். ஆண், பெண் இருவருமே கட்டுவார்கள், இருவருமே அடைகாப்பார்கள். கிளையை விலக்கி எட்டிப் பார்க்க வேண்டாம்; தூரத்திலிருந்தே போக்குவரத்தைப் பார்த்தால் போதும்.