சென்னையில் வசிப்பவர் விலையுயர்ந்த மலையேற்ற உடை வாங்கலாமா?

நான் முதன்முதலாக வாங்கிய நல்ல மழை அங்கிக்கு 14,000 ரூபாய் கொடுத்தேன். அதை அணிந்துகொண்டு ஐப்பசி அடைமழையில் ஆந்திராவின் நாகலாபுரம் மலையில் நடந்த அன்று, ஒரு சொட்டு மழைகூட உள்ளே இறங்கவில்லை. ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போட்டிருந்த சட்டை வியர்வையில் பிழியும் அளவுக்கு நனைந்துவிட்டது. அங்கியில் எந்தக் குறையும் இல்லை. அது குளிர்ந்த நாட்டுக் காற்றுக்காகச் செய்யப்பட்டது என்பதை வாங்கும்போது நான் அறிந்திருக்கவில்லை. எனவே விலைச்சீட்டைப் பார்ப்பதற்கு முன், இந்த உடையை எந்த ஊரில், எந்த மாதத்தில், ஆண்டுக்கு எத்தனை நாள் அணியப்போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற முடிவுகள் எல்லாம் அந்தத் தாளிலிருந்தே வரும்.

மழை அங்கிகளில் வரும் கோர்டெக்ஸ் போன்ற நீர்புகாத் துணிகளுக்குள் மிக நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. நீர்த்துளி அத்துளைகளுக்குள் நுழைய முடியாது. நீராவி வெளியேற முடியும். ஆனால் நீராவி தானாக வெளியேறுவதில்லை. உள்ளே ஆவியழுத்தம் மிகுந்தும் வெளியே குறைந்தும் இருந்தால்தான் அது வெளியே தள்ளப்படும். 5 டிகிரிக் குளிரில் அந்த வேறுபாடு பெரிது. 28 டிகிரி வெப்பமும் 90 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நம் மழைநாளில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மேல்துணியின் நீர்விலக்கும் பூச்சு தேய்ந்து துணி நனைந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். அங்கியின் சீட்டில் 10,000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தால், அந்தத் துணி 10 மீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று பொருள். வியர்வை வெளியேறுவதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை.

ஆகவே சென்னையைச் சுற்றியுள்ள குன்றுகளுக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் மட்டும் போகிறவர், விலையுயர்ந்த மழை அங்கியைத் தயங்காமல் விட்டுவிடலாம். தலைவழியே மாட்டிக்கொள்ளும், பக்கவாட்டில் காற்றுப் புகும் போஞ்சோ என்ற தளர்ந்த மழைப்போர்வை ஒன்று, மாற்றுச் சட்டையை நனையாமல் வைக்க ஒரு பிளாஸ்டிக் உறை, காற்றில்லாத இடத்தில் ஒரு குடை ஆகியவை போதும். மார்கழி இரவில் கொடைக்கானலிலோ ஊட்டியிலோ தங்குபவருக்குக் குளிர்காப்பு கட்டாயம் வேண்டும்; அதற்கு நடுத்தர விலையில் உள்ள ஃபிலீஸ் என்ற மென்மையான செயற்கை இழைச் சட்டையும் காற்றுத்தடுப்பு அங்கியும் போதுமானவை. இமயமலைக்குப் போகிறவரின் கணக்கு வேறு. அங்கே நனைந்த உடம்பு உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதால் நல்ல அங்கியில் பணத்தைக் குறைக்கக் கூடாது. ஆனால் வாழ்நாளில் ஒருமுறைதான் போகப்போகிறீர்கள் என்றால், உத்தரகண்டின் சாங்க்ரி போன்ற அடிவார ஊர்களில் வாடகைக்கு எடுத்துக்கொள்வதே அறிவுடைமை.

நம் ஊரில் செலவிட்ட பணம் திரும்பி வருவது பேன்ட்டில்தான் என்பது என் அனுபவம். பருத்தி பேன்ட் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்வதால், பத்து கிலோமீட்டர் நடப்பதற்குள் தொடை உரசிப் புண்ணாகிவிடுகிறது. மெல்லிய நைலான் பேன்ட் விரைவில் உலர்கிறது, பாறையில் தேய்ந்தாலும் எளிதில் கிழிவதில்லை. கடையில் அதைக் கையில் எடுத்தவுடன் உட்புறத்தை வெளியே திருப்பிப் பாருங்கள். கவட்டில் நான்கு தையல்களும் ஒரே புள்ளியில் சந்தித்தால், பெரிய பாறையில் கால் வைத்து ஏறும்போது முதலில் கிழிவது அந்த இடம்தான்; அங்கே தனியாக ஒரு துண்டுத் துணி வைத்துத் தைத்திருக்க வேண்டும். பாக்கெட்டின் இரு முனைகளிலும் நெருக்கமாக ஓட்டிய பார்டாக் தையல் இருக்கிறதா என்று பாருங்கள். ஜிப்பைப் பத்து முறை இழுத்து மூடுங்கள். துணியில் சிறு கட்டங்களாகத் தடித்த நூல் ஓடினால் அது ரிப்ஸ்டாப் நெசவு. ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தைத் தாண்டி எளிதில் பரவாது. கடைசியாக, கடைக்குள்ளேயே குந்தி உட்கார்ந்து எழுந்து பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். இத்தனையும் சரியாக அமைந்த பேன்ட் டெகாத்லான் போன்ற கடைகளில் நடுத்தர விலைக்கே கிடைக்கிறது. அதைவிட மூன்று மடங்கு விலையில் உள்ளது மூன்று மடங்கு காலம் உழைத்து நான் பார்த்ததில்லை. செயற்கை இழை நெருப்பில் உருகித் தோலில் ஒட்டும் என்பதை மட்டும் மறக்காமல், விறகடுப்பின் அருகே பருத்திக்கு மாறிக்கொள்ளுங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் நடப்பவருக்கு, அட்டைக்கடியைத் தடுக்க முழங்கால் வரை வரும் காலுறை எந்த விலையுயர்ந்த பேன்ட்டையும்விடப் பயன்படும்.

டாக்டிகல் என்ற பெயரில் படைவீரர் உடைப் பாணியில் விற்கும் உடைகளில் நாம் பெரும்பாலும் பயன்படுத்தாத வசதிகளுக்கே விலை கூடுகிறது. முழங்காலில் காப்புத் திண்டு செருகும் உறையும் வரிசை வரிசையான நாடாக்களும் ஆயுதம் சுமப்பவருக்குத் தேவை. சித்திரை வெயிலில் நமக்கு அவை கூடுதல் வெப்பம். வெல்க்ரோ பட்டையில் நாயுருவி விதை ஒருமுறை ஏறிவிட்டால் எடுப்பது பெரும்பாடு. இராணுவ வண்ணக்கோலத்தைத் தவிர்த்துவிடுங்கள். இந்திய இராணுவம் 2022-இல் வெளியிட்ட புதிய சீருடையின் வடிவமைப்பு உரிமை பதிவு செய்யப்பட்டது. படைவீரரென்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு அத்தகைய உடையை அணிவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி குற்றம். எல்லைப் பகுதிகளுக்கும் காட்டுச் சோதனைச் சாவடிகளுக்கும் போகிறவருக்கு இந்தத் தொல்லை தேவையே இல்லை.

இப்போது அந்தத் தாளுக்குத் திரும்புங்கள். 3,000 ரூபாய் பேன்ட்டை நூறு நாள் அணிந்தால் ஒரு நாளுக்கு 30 ரூபாய். 14,000 ரூபாய் அங்கியை ஏழு நாள் அணிந்தால் ஒரு நாளுக்கு 2,000 ரூபாய்.

அங்கியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர் அதைப் பீரோவில் மடித்துப் பூட்டி வைக்க வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும், உட்பூச்சும் உரியும். துணி மென்மையாக்கி சேர்க்காமல் அலசி, நிழலில் முழுமையாக உலர்த்தி, காற்றுப்படும்படி தொங்கவிடுங்கள். மேல்துணியில் தண்ணீர் முத்தாக உருளாமல் ஊறத் தொடங்கினால், உடையின் சீட்டு அனுமதிக்கும் குறைந்த சூட்டில், மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டு இஸ்திரி செய்து பாருங்கள். அதன் பிறகும் ஊறினால் நீர்விலக்கும் தெளிப்பான் ஒன்றை வாங்கிப் பூசினால் போதும்.